கார் கூலன்ட் ஃப்ளஷ் பண்ணி மாத்துறது: வேலூர் வெயில்ல அடிக்கடி வர்ற கேள்விங்க

மார்ச் பொறந்துட்டா போதும், தெருவுக்கு ஒருத்தர் பானட்டை தொறந்து வெச்சிகினு ரேடியேட்டர்ல சொம்பால தண்ணி ஊத்திகினு நிப்பாங்க. இஞ்சின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டர்ல ஓடுற கூலன்ட் பத்தி சொந்தக்காரங்க, பக்கத்து வீட்டுக்காரங்கன்னு கேக்குற கேள்வி எல்லாம் சுத்தி சுத்தி ஒண்ணேதான், அதனால எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிட்டேன். இது சாதாரண பெட்ரோல், டீசல் காருக்கு மட்டும்தான். எலெக்ட்ரிக் காரு, ஹைப்ரிடு இதையெல்லாம் வீட்ல கை வெக்காதீங்க, அதுல சிலதுக்கு கூலன்டே வேற ரகம்.

அண்ணா, கூலன்ட்னா ஐஸ் கொட்டுற ஊருக்குதானே? நம்ம ஊருக்கு இன்னாத்துக்கு அது, பச்சத்தண்ணி போதாதா?

டப்பா மேல ஆன்ட்டிஃப்ரீஸ்னு போட்டிருக்கறதால வர்ற கொழப்பம் இது. அதுல இருக்கற எத்திலீன் கிளைக்காலை பாதிக்கு பாதி தண்ணியோட கலந்தா மைனஸ் 37 டிகிரி வரைக்கும் உறையாது, சரி, அது நமக்கு வேணாம். ஆனா அதே கலவை மூடி இல்லாம காய வெச்சாலும் 107, 108 டிகிரி கிட்டதான் கொதிக்கும், ரேடியேட்டர் மூடி கொடுக்கற ஒரு பார் பிரஷரும் சேர்ந்துச்சுன்னா கிட்டத்தட்ட 129 வரைக்கும் தாங்கும், வெறும் தண்ணி அதே பிரஷர்ல 120 டிகிரியிலயே கொதிச்சிடும். கத்திரி வெயில்ல கிரீன் சர்க்கிள் டிராஃபிக்ல ஏசி போட்டுகினு நிக்கறப்ப அந்த வித்தியாசம்தான் நம்மள காப்பாத்தும்.

கொதிக்கறதை விட பெரிய விஷயம் துரு. இஞ்சினுக்குள்ள இரும்பு, அலுமினியம், செம்பு, ஈயப்பத்து, ரப்பர் எல்லாம் ஒரே தண்ணியில ஊறிகினு கெடக்குது, வெறும் தண்ணி ஊத்தினா ஒண்ண ஒண்ணு அரிச்சிடும். கூலன்ட்ல அரிப்பைத் தடுக்கற கெமிக்கல் சேர்த்திருப்பாங்க, வாட்டர் பம்ப் சீல் காய்ஞ்சு போகாம இருக்கறதும் அதாலதான். சூட்டை இழுக்கறதுல மட்டும் பாத்தா தண்ணிதான் கெட்டி, அதை மறுக்கல, அதனாலதான் கூலன்ட்டை கலக்காம அப்படியே ஊத்தக் கூடாது. பாதிக்கு பாதி போதும், வெயில் ஊருன்னு 30, 40 சதவீதத்துக்கும் சில கம்பெனி ஒத்துக்குது, உங்க கார் மேனுவல்ல பாருங்க.

எங்க வீட்ல போர் தண்ணி நல்லாத்தான் இருக்கும், அதை ஊத்தலாமா?

குடிக்க நல்லா இருக்கறது வேற, இஞ்சினுக்கு நல்லா இருக்கறது வேற. வெந்நீர் போடுற ஹீட்டர் காயில எடுத்துப் பாருங்க, வெள்ளையா ஓடு மாதிரி படிஞ்சிருக்கும் இல்ல, அதேதான் சிலிண்டர் ஹெட்டுக்குள்ளயும் ரேடியேட்டர் டியூபுக்குள்ளயும் படியும், அங்க சுரண்டி எடுக்க வழியே கெடையாது. நம்ம பக்கம் பாலாத்துல தண்ணி ஓடுறதே அதிசயம், ஜில்லா முழுக்க போரைத்தான் நம்பிகினு இருந்துச்சு, பல ஏரியாவுல தண்ணி கடும் உப்பு. சுண்ணாம்பு ஒரு பக்கம்னா குளோரைடு இன்னொரு பக்கம், அலுமினியத்துல பொடி பொடியா ஓட்டை போடுறது அதுதான்.

காவிரி கூட்டுக் குடிநீர் வருதேன்னு கேப்பீங்க, போரை விட தேவலாம், ஆனா அதுலயும் உப்பும் குளோரினும் இருக்கத்தான் செய்யும். கேன் வாட்டர், ஆர்ஓ தண்ணி அவசரத்துக்கு ஓகே. ஏசியில சொட்டுற தண்ணிய புடிச்சு ஊத்தறவங்க இருக்காங்க, உப்பு இருக்காதுதான், ஆனா காயில் மேல இருக்கற தூசி, செம்பு எல்லாத்தையும் கழுவிகினு வர்ற தண்ணி அது. பேட்டரி கடையிலயோ பெட்ரோல் பங்குலயோ டிஸ்டில்டு வாட்டர் கேன்ல கெடைக்குது, அதை வாங்குங்க, பேட்டரி தண்ணின்னு கேட்டாலே குடுப்பாங்க. குடுக்கறது தண்ணியா ஆசிட்டான்னு லேபிளை ஒருமுறை படிச்சிடுங்க, ரெண்டும் ஒரே அலமாரியிலதான் இருக்கும்.

எத்தினி வருஷத்துக்கு ஒருக்கா மாத்தணும்?

பழைய ரக பச்சை கூலன்ட்டுன்னா ரெண்டு வருஷம் இல்லன்னா 40,000 கிலோமீட்டர். இப்ப வர்ற லாங் லைஃப் ரகம் அஞ்சு வருஷம் ஓடும், கம்பெனியில முதல்ல ஊத்தி அனுப்பறது அதுக்கு மேலயும் தாங்கும்னு சில மேனுவல்ல போட்டிருக்கு. ஆனா இடையில யாராவது டாப்அப் பண்றேன்னு கண்ட தண்ணிய ஊத்தியிருந்தா அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. செகண்ட்ஹேண்ட் கார் வாங்கினா யோசிக்கவே வேணாம், ஹிஸ்டரி தெரியாத கூலன்ட்டை முதல் மாசமே மாத்திடுங்க.

ஹைட்ரோமீட்டர் வெச்சு செக் பண்ணோம் நல்லா இருக்குன்னு சொல்வாங்க, அது கிளைக்கால் எத்தினி சதவீதம்னு மட்டும்தான் காட்டும், துருவைத் தடுக்கற கெமிக்கல் தீர்ந்துபோச்சான்னு அதுக்குத் தெரியாது.

பச்சை போட்டிருந்தாங்க, இப்ப கடையில சிகப்புதான் இருக்கு, கலந்து ஊத்தலாமா?

கலரை நம்பாதீங்க. கலர்ங்கறது வெறும் சாயம், ஒவ்வொரு கம்பெனியும் அவங்க இஷ்டத்துக்குப் போடறது, ரெண்டு பச்சை டப்பாக்குள்ள ரெண்டு விதமான கெமிக்கல் இருக்கலாம். உள்ள சிலிக்கேட் ரகமா, ஆர்கானிக் ஆசிட் ரகமா, பாஸ்பேட் சேர்த்த ஜப்பான் ரகமாங்கறதுதான் விஷயம். சேராத ரெண்டை கலந்தா நல்ல நேரம்னா ஆயுசு மட்டும் கொறையும், கெட்ட நேரம்னா கஞ்சி மாதிரி திரண்டு ரேடியேட்டர் டியூப்பை அடைச்சிடும். டப்பா பின்னாடி ஜேஐஎஸ் கே 2234, ஏஎஸ்டிஎம் டி 3306 இந்த மாதிரி ஸ்டாண்டர்ட் நம்பர் இருக்கான்னு பாருங்க, மேனுவல்ல சொன்ன ரகத்தோட ஒத்துப் போகுதான்னு பாருங்க. எதுவுமே போடாம கூலன்ட்னு மட்டும் போட்ட டப்பாவுல கலர் தண்ணி இருந்தாலும் நமக்குத் தெரியப் போறதில்ல. வழியில கொறைஞ்சு போய் வேற வழியே இல்லன்னா டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊத்திகினு ஊர் வந்து சேருங்க.

ஃப்ளஷ்னா இன்னா, கீழ திருகை தொறந்து ஊத்தி விட்டா போதாதா? வீட்லயே பண்ணிக்கலாமா?

கீழ தொறந்தா ரேடியேட்டர்ல இருக்கறது மட்டும்தான் வரும், இஞ்சின் பிளாக்குக்குள்ளயும், காருக்குள்ள சூடு காத்து குடுக்கற ஹீட்டர் காயில்லயும் பாதி வரைக்கும் பழசு தங்கிடும். அதனாலதான் நல்ல தண்ணி ஊத்தி ஓட விட்டு திரும்பத் திரும்ப எடுக்கறது. வீட்லயே பண்ணலாம், அவசரப்படாம ஒரு ஞாயித்துக்கிழமை முழுசா ஒதுக்குங்க.

முதல்ல இஞ்சின் சுத்தமா ஆறியிருக்கணும், ராத்திரி நிறுத்தின காரை காலையில தொடுங்க, கைய வெச்சா சூடே தெரியக்கூடாது. சூடா இருக்கறப்ப மூடியை தொறந்தா உள்ள இருக்கறது மூஞ்சி மேலதான் பீச்சி அடிக்கும். பேட்டரி நெகட்டிவை கழட்டிடுங்க, எலெக்ட்ரிக் ஃபேன் சில காருல இஞ்சின் ஆஃப்ல இருந்தாலும் திடீர்னு சுத்தும், வெரல் போயிடும். ரேடியேட்டருக்கு அடியில பிளாஸ்டிக் திருகு இருக்கும், இல்லாத காருல அடி ஹோஸோட கிளாம்பை தளர்த்தணும், கீழ அகலமான டப் ஒண்ணு வெச்சிட்டு மேல் மூடியை தொறந்தா சர்ருனு வரும். வந்த பழசை அளந்து வெச்சிக்கோங்க, அப்பால வேலைக்கு ஆகும். அப்படியே பானட்டுக்குள்ள ரேடியேட்டரோட சேர்ந்த கூலன்ட் டப்பாவையும் (ரிசர்வ் டேங்க்) கழட்டி அடியில இருக்கற சேறை கழுவிடுங்க, அதை விட்டுட்டு புதுசு ஊத்தினா அந்த சேறு மொத்தமும் திரும்ப உள்ள போகும்.

அப்பால திருகை மூடி டிஸ்டில்டு வாட்டர் ரொப்பி, பேட்டரியை மாட்டி, ஹீட்டரை ஃபுல் ஹாட்ல வெச்சு ஸ்டார்ட் பண்ணி ஓட விடுங்க. மேல் ஹோஸ் சூடாகற வரைக்கும் ஓடணும், சூடானாத்தான் தெர்மோஸ்டாட் (சூட்டுக்குத் தக்க தொறந்து மூடற வால்வு) தொறந்து இஞ்சின் உள்ள இருக்கற தண்ணி ரேடியேட்டருக்கு வருதுன்னு அர்த்தம், பெரும்பாலும் 82லேந்து 88 டிகிரிக்குள்ள தொறக்கும். அஞ்சு பத்து நிமிஷம் ஓட்டிட்டு ஆஃப் பண்ணி திரும்ப முழுசா ஆற விட்டு டிரெயின். ஆற விடறதுதான் இதுல பெரிய பொறுமை, நாஷ்டா, குளியல் எல்லாம் முடிச்சிட்டு வரலாம். வெளிய வர்ற தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் இதேதான், நல்லா இருந்த காருக்கு ரெண்டு தடவை போதும், போர் தண்ணியில ஓடின காருன்னா நாலு, அஞ்சு தடவை கூட ஆகும்.

ஹீட்டரா? வேலூர்ல எவன் சார் ஹீட்டர் போடுவான்?

சிரிப்பு வரும்தான், வாங்கின நாள்லேந்து அந்த நாபை சிகப்பு பக்கம் திருப்பாத காருங்கதான் இங்க முக்கால்வாசி. சில காருல ஹீட்டர் காயிலுக்குப் போற வழியில வால்வு இருக்கும், நாபு கூல்ல இருந்தா வால்வு மூடிகினு இருக்கும், உள்ள இருக்கற பழைய கூலன்ட் அங்கயே கெடக்கும். வால்வு இல்லாத காருல எப்படியும் ஓடிகினுதான் இருக்கும், ஆனாலும் ஹாட்ல வெச்சு பண்றதுல நஷ்டம் ஒண்ணும் இல்ல.

ரெடிமேட்டா கலந்து வர்றதை வாங்கறதா, கலக்காத கான்சன்ட்ரேட்டா?

டாப்அப் பண்ண ரெடிமிக்ஸ் வசதி. ஃப்ளஷ் பண்ணினதுக்கு அப்பால கான்சன்ட்ரேட்தான் சரி, காரணம் சொல்றேன். எவ்ளோ டிரெயின் பண்ணாலும் பிளாக்ல கொஞ்சம் டிஸ்டில்டு வாட்டர் தங்கிடும், அதுமேல பாதிக்கு பாதி ரெடிமிக்ஸ் ஊத்தினா கடைசியில அது 30, 35 சதவீதத்துக்கு எறங்கிடும். அதனால மேனுவல்ல மொத்த கொள்ளளவு எத்தினின்னு பாருங்க, 5 லிட்டர்னு வெச்சிக்கோங்க, முதல்ல இரண்டரை லிட்டர் கான்சன்ட்ரேட்டை மொத்தமா உள்ள ஊத்திடுங்க, மிச்ச எடத்தை டிஸ்டில்டு வாட்டரால ரொப்புங்க. உள்ள தங்கின தண்ணி எவ்ளோ இருந்தாலும் கணக்கு பாதிக்கு பாதியா தானா வந்துடும். காலையில அளந்து வெச்ச பழசு இருக்கு இல்ல, அதை மேனுவல் அளவோட ஒப்பிட்டா பிளாக்ல எவ்ளோ தங்குதுன்னும், ரேடியேட்டர்ல கான்சன்ட்ரேட்டுக்கு எடம் பத்துமான்னும் தெரிஞ்சிடும்.

ஊத்தி முடிச்சிட்டேன், ஆனா முன்னாடி இல்லாத சூடு இப்ப ஏறுது. ஏன்?

பத்துக்கு ஒம்பது ஏர் லாக். காத்து மாட்டிகினு நிக்கற எடத்துல கூலன்ட் ஓடாது. வண்டிய மூக்கு மேல தூக்கினாப்ல மேட்டுல நிறுத்துங்க, இஞ்சின் ஆறினதும் மூடியை தொறந்து, தொறந்தபடியே ஹீட்டர் ஹாட்ல வெச்சு ஐடிலிங்ல விடுங்க, மேல் ஹோஸை துணி சுத்தி மெதுவா அமுக்கி அமுக்கி விட்டா குமிழ் குமிழா வெளிய வரும். மட்டம் எறங்க எறங்க ஊத்திகினே இருங்க. சில காருல காத்து போறதுக்குன்னே ஒரு ப்ளீட் ஸ்க்ரூ வெச்சிருப்பாங்க, அதுலேந்து குமிழ் இல்லாம கூலன்ட் கோடா வந்தா மூடிடுங்க. தெர்மோஸ்டாட் தொறந்து மட்டம் எறங்கறது நின்னதும் மூடியை போட்டுட்டு, ஃபேன் ரெண்டு தடவை ஓடி நிக்கற வரைக்கும் வெயிட் பண்ணுங்க. குமிழ் எப்பவுமே நிக்காம வந்துகினே இருந்தா அது ஏர் லாக் இல்ல, சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கற ஹெட் கேஸ்கெட்டை சந்தேகப்படணும்.

மெக்கானிக் பாய் தெர்மோஸ்டாட்டை கழட்டிப் போட்டுடு, நம்ம ஊரு வெயிலுக்கு தேவையில்லன்னாரு. செய்யலாமா?

எனக்கு ரொம்ப எரிச்சலை கெளப்பற யோசனை இது, தலைமுறை தலைமுறையா ஓடிகினு இருக்கு. அம்பாசிடர் காலத்துல கழட்டினாங்க, வண்டி ஓடுச்சு, உண்மைதான். இப்ப இருக்கற இஞ்சின் அப்படி இல்ல. தெர்மோஸ்டாட் இல்லன்னா இஞ்சின் சீக்கிரம் சூடாகாது, கம்ப்யூட்டர் இன்னும் வண்டி ஜில்லுனு இருக்குன்னு நெனச்சு பெட்ரோலை அதிகமா பீச்சும், மைலேஜ் போகும், ஆயில்ல ஈரம் தங்கி சேறு கட்டும்.

இன்னொண்ணு இருக்கு, பலருக்குத் தெரியாதது. நெறைய இஞ்சின்ல தெர்மோஸ்டாட்டுக்கு ரெண்டு வேலை, சூடானதும் ரேடியேட்டர் வழிய தொறக்கும், அதே நேரம் பைபாஸ் வழிய மூடும். கழட்டிட்டா பைபாஸ் மூடவே மூடாது, சூடான தண்ணியில ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கம் போகாம இஞ்சினுக்குள்ளயே சுத்தும். சூடு கொறையணும்னு கழட்டினது சூட்டை ஏத்திடும். ஃப்ளஷ் பண்றப்ப சந்தேகம் இருந்தா கழட்டி கொதிக்கற தண்ணியில போட்டுப் பாருங்க, தொறக்குதான்னு தெரிஞ்சிடும். தொறக்கலன்னா புதுசு மாட்டுங்க, ஹெட் வேலைக்கு ஆகற செலவுல அது ஒரு மூலைக்கு கூட வராது.

உப்பு படிஞ்சதை எடுக்க பாத்ரூம் ஆசிட் ஊத்தலாமாம்? லீக்குக்கு மஞ்சத்தூள் போடலாமாம்?

ஆசிட் வேணவே வேணாம், உப்போட சேர்த்து அலுமினியத்தையும் தின்னுடும். கடையில ரேடியேட்டர் ஃப்ளஷ்னே விக்கறாங்க, அலுமினியத்துக்கு ஆகும்னு போட்டிருக்கறதா வாங்கி, சொன்ன நேரம் மட்டும் ஓட்டி, அப்பால நல்லா கழுவிடுங்க.

மஞ்சத்தூள் லாரிக்காரங்க வைத்தியம், ராத்திரியில நடுரோட்டுல மாட்டிகினவனுக்கு ஊர் போய் சேர அது உதவியிருக்கு, அதுக்கு மேல அது மருந்து இல்ல. ஓட்டையை அடைக்கற அதே தூள் ஹீட்டர் காயிலயும் ரேடியேட்டர் டியூப்பையும் அடைக்கும். பழைய பித்தளை ரேடியேட்டரா இருந்தா கழட்டி ராடிங் போட்டு (டியூபுக்குள்ள கம்பி விட்டு சுத்தம் பண்ணி) பத்து வெச்சு குடுத்துடுவாங்க, இப்ப வர்ற அலுமினியம், பிளாஸ்டிக் ரகத்துக்கு அது ஒத்து வராது, மாத்தறதுதான்.

ரேடியேட்டர் மூடியையும் மாத்தணுமா?

ரப்பர் வெடிச்சிருந்தா, ஸ்பிரிங் தளர்ந்திருந்தா மாத்துங்க. மூடி மேல பிரஷர் அளவு 0.9 இல்லன்னா 1.1னு போட்டிருக்கும், அதே நம்பர் வாங்கணும், பெரிய நம்பர் நல்லதுன்னு மாட்டினா ஹோஸ் வெடிக்கும்.

டப்பாவுல கூலன்ட் டீ கலர்ல இருக்கு. ஃப்ளஷ் பண்ணா சரியாகுமா?

கட்டஞ்சாயா மாதிரி தெளிவான பழுப்புன்னா துரு, ஃப்ளஷ் பண்ணுங்க. பால் ஊத்தின டீ மாதிரி கொழகொழன்னு இருந்தா ஆயில் கலந்திருக்கு, ஹெட் கேஸ்கெட்டோ ஆயில் கூலரோ போயிருக்கணும், எத்தினி ஃப்ளஷ் பண்ணாலும் திரும்ப வரும். ஆயில் கேஜ் குச்சியையும் எடுத்துப் பாருங்க, அதுலயும் அதே கலர்னா வண்டிய ஸ்டார்ட் பண்ணாம டோ பண்ணிடுங்க.

பள்ளிகொண்டா டோல் கிட்ட போறப்ப டெம்பரேச்சர் சிகப்புக்கு ஏறுது. இன்னா பண்றது?

முள்ளு ஏற ஆரம்பிச்ச உடனே ஏசி ஆஃப், ஹீட்டர் ஃபுல், புளோயர் ஃபுல். ஜன்னலை எறக்கி வேர்த்துக் கொட்டினாலும் பரவால்ல, இஞ்சின் சூட்டுல ஒரு பங்கு அந்த வழியா வெளிய போகும். சிகப்பைத் தொட்டுட்டா ஓரமா நிறுத்தி ஆஃப் பண்ணிடுங்க, இன்னும் ரெண்டு கிலோமீட்டர்ல ஒர்க்‌ஷாப்னு ஓட்டாதீங்க. அர மணி, முக்கா மணி மூடியை தொடவே கூடாது. சூடான இஞ்சின்ல ஜில் தண்ணி ஊத்தினா ஹெட் வளையும், வெடிக்கக் கூட செய்யும்.

ஏறின முள்ளு தானா கீழ எறங்கிடுச்சுன்னு சந்தோஷப்பட்டுடாதீங்க. கூலன்ட் மொத்தமா ஒழுகிப்போனா சென்சார் காத்துல நின்னுகினு கம்மியா காட்டும், இஞ்சின் எரிஞ்சிகினு இருக்கும். ஹீட்டர் போட்டா ஜில் காத்து வருதுன்னா அதுதான் அறிகுறி. இப்ப நெறைய சின்ன காருல முள்ளே கெடையாது, நீல லைட்டு சிகப்பு லைட்டு அவ்ளோதான், சிகப்பு எரியறப்ப காரியம் முத்திப் போயிருக்கும். காரோட கம்ப்யூட்டரைப் படிக்கற ஓபிடி புளூடூத் கருவி ஒண்ணு மாட்டிகினா போன்லயே டிகிரி தெரியும், ஏலகிரி 14 ஹேர்பின் பெண்டு ஏறறப்ப அதைப் பாத்துகினு ஏசிய எப்ப ஆஃப் பண்றதுன்னு முடிவு பண்ணலாம்.

கூலன்ட் எல்லாம் புதுசு, ஆனாலும் டிராஃபிக்ல மட்டும் சூடாகுது?

வண்டி ஓடறப்ப சரி, நின்னா சூடுன்னா ஃபேனைப் பாருங்க. அடுத்தது ரேடியேட்டர் ஃபின். ஹைவே தூசியும் பூச்சியும் ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல மெத்தையா அடைஞ்சிருக்கும். இஞ்சின் பக்கத்துலேந்து வெளிய பாத்து லேசா தண்ணி அடிங்க, வாட்டர் சர்வீஸ் கன்னை கிட்ட வெச்சு அடிச்சா ஃபின் மடங்கிடும்.

ஃப்ளஷ் பண்ணினதுலேந்து லீக் ஆகுது, முன்னாடி இல்லவே இல்லயே?

ஏற்கனவே அரிச்சுப்போன எடத்தை அந்த அழுக்குதான் அடைச்சிகினு இருந்திருக்கும், அழுக்கு போனதும் ஓட்டை தெரியுது. ஃப்ளஷ்ஷை திட்டாதீங்க. ஓட்டைதான்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி கிளாம்பு டைட்டா இருக்கான்னு பாத்துடுங்க.

எடுத்த பழைய கூலன்ட்டை எங்க ஊத்தறது?

கால்வாயில ஊத்தாதீங்க, மண்ணுலயும் ஊத்தாதீங்க. கிளைக்கால் இனிப்பா இருக்கும், தெருநாய், பூனை, மாடு நக்கும், கொஞ்சம் உள்ள போனாலே கிட்னி போய் செத்துடும். டிரெயின் பண்ற டப்பை ஆற விடறேன்னு வாசல்ல வெச்சிட்டு உள்ள போகாதீங்க. கொழந்தைங்க குடிச்சிட்டா வாந்தி எடுக்க வெக்கறேன்னு நேரத்தை ஓட்டாம டப்பாவையும் எடுத்துகினு நேரா ஆஸ்பத்திரி, பாக்க நல்லா இருக்கற மாதிரி இருந்தாலும் போகணும், விஷம் மெதுவாத்தான் வேலை செய்யும். பழைய கூல்டிரிங்ஸ் பாட்டில்ல ஊத்தி வெக்கற வேலையே வேணாம். மூடி போட்ட கேன்ல ஊத்தி பேரை எழுதி, பழசை வாங்கிக்கற சர்வீஸ் சென்டர்ல விசாரிச்சு குடுங்க. தோல் பட்டறை கழிவை எதிர்த்து இந்த ஜில்லாக்காரங்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1996ல தீர்ப்பு வாங்கினாங்க, அந்த மண்ணுல நாம வேற ஊத்த வேணாம்.

வெளிய குடுத்து பண்ணா இன்னா கேக்கணும்?

எந்த ரக கூலன்ட், எந்தத் தண்ணி, எத்தினி தடவை ஃப்ளஷ், இந்த மூணு கேளுங்க. ஓஸ் பைப்பை நேரா போர் குழாயில மாட்டி அடிக்கறேன்னா, கடைசி ரெண்டு தடவை டிஸ்டில்டு வாட்டரால பண்ணச் சொல்லுங்க, கேனை நீங்களே வாங்கிகினு போயிடுங்க, அப்ப யாரும் மறுக்க மாட்டாங்க.

மாத்தி ஒரு வாரம் ஆச்சு, டப்பாவுல மட்டம் கொஞ்சம் எறங்கியிருக்கு. பயப்படணுமா?

முதல் சில நாள்ல கொஞ்சம் எறங்கறது சகஜம், உள்ள இருந்த காத்து வெளிய போய் அந்த எடத்துக்கு கூலன்ட் போகுது. காலையில இஞ்சின் ஆறியிருக்கறப்ப பாத்து மினிமம், மேக்ஸிமம் கோட்டுக்கு நடுவுல இருக்கற மாதிரி அதே கலவையை ஊத்துங்க. ரெண்டாவது வாரமும் எறங்கினா கீழ அட்டை விரிச்சு ராத்திரி நிறுத்திப் பாருங்க, அட்டையில சொட்டு இல்ல, ஆனா மட்டம் மட்டும் கொறையுதுன்னா ஹீட்டர் காயில் ஒழுகி காருக்குள்ள கார்பெட் ஈரமா இருக்கான்னு தொட்டுப் பாருங்க, அதுவும் இல்லன்னா ரேடியேட்டரை பிரஷர் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க.